கியூரியாசிட்டி ரோவர் போட்டோவை எப்படி ஃபாலோ பண்றது, இத்தனை வருஷத்துல அது என்னதான் கண்டுபிடிச்சுது?

கேள்வி இதுதான்: செவ்வாய்ல இருக்குற நாசாவோட ஆறு சக்கர ரோவர் வண்டி கியூரியாசிட்டி இன்னும் ஓடுதா, அது அனுப்புற படத்தை நாம நேரா பாக்க முடியுமா, பாத்தாலும் எல்லாம் ஒரே காவி கலர் கல்லா தெரியுதே, இதுல அப்படி என்ன கண்டுபிடிச்சாங்க? மூணு கேள்வி மாதிரி இருந்தாலும் எனக்கு ஒண்ணாத்தான் படுது. ஒரு படத்தை மட்டும் பாத்தா அது வெறும் கல்லுதான், அதுக்கு முன்னாடி பின்னாடி வந்த படங்களோட சேத்து வரிசையா பாத்தாதான் விஷயமே பிடிபடும். அதனால ரெண்டையும் கலந்தே சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஓடுது, நல்லாவே ஓடுது. 2012 ஆகஸ்ட் மாசம் கேல் பள்ளத்துல எறங்குச்சு. 154 கிலோமீட்டர் அகலமான பள்ளம் அது, நடுவுல 5 கிலோமீட்டருக்கு மேல உயரமா மவுண்ட் ஷார்ப்னு ஒரு மலை, அந்த மலையோட அடிவாரத்துல இருந்து அடுக்கு அடுக்கா மேல ஏறிட்டே இருக்கு. கீழ இருக்குற அடுக்கு பழசு, மேல போகப்போக அதுக்கப்புறம் படிஞ்சது, அதனால ரோவர் ஏறுறதே காலத்துல முன்னாடி போற மாதிரிதான். ஆரம்பத்துல போட்ட திட்டம் ஒரு செவ்வாய் வருஷம், அதாவது நம்ம கணக்குல 687 நாள். இப்ப பதிமூணு வருஷம் தாண்டியாச்சு, மொத்தமா ஓடுன தூரம் 35 கிலோமீட்டர் சொச்சம்தான். சோலார் பேனல் கிடையாது, பின்னாடி சாய்வா ஒரு சிலிண்டர் நீட்டிட்டு இருக்குல்ல, அதுக்குள்ள 4.8 கிலோ புளூட்டோனியம் டைஆக்சைடு, அதோட சூட்டுல இருந்து கரண்ட். 2018ல கிரகம் முழுக்க வந்த புழுதிப் புயல்ல, சோலார்ல ஓடிட்டு இருந்த நாசாவோட இன்னொரு ரோவர் ஆப்பர்ச்சுனிட்டி செத்துப்போச்சு, இது அதே புயல்ல செல்ஃபி எடுத்துட்டு இருந்துச்சு, காரணம் இந்த பேட்டரிதான். ஆனா அதுவும் வருஷத்துக்கு வருஷம் பவர் கொறஞ்சுட்டே வருது, அதனால இப்பல்லாம் வண்டி ஓட்டும்போதே செவ்வாயைச் சுத்துற ஆர்பிட்டர்கிட்ட டேட்டாவையும் அனுப்புறது, சீக்கிரம் வேலை முடிஞ்சா சீக்கிரமே தூங்கப்போறதுன்னு டைட்டா பிளான் பண்றாங்க.

சரி, படம் பாக்குறது. நாசாவோட சைட்ல கியூரியாசிட்டி பக்கத்துக்குப் போனா ரா இமேஜஸ்னு ஒரு பகுதி இருக்கு, யார் வேணா பாக்கலாம், லாகின் கூட வேணாம். செவ்வாயில இருந்து வந்து எறங்குன படம் பெருசா எந்த மேக்கப்பும் இல்லாம அப்படியே அங்க விழும், சில சமயம் அந்த டீம்ல இருக்குற சயின்டிஸ்ட் பாத்து கொஞ்ச நேரத்துலயே நாமளும் பாக்குறோம். நியூஸ்ல வர்ற அழகான பனோரமா வேற, இது வேற. எனக்கு இதுதான் பிடிக்கும்.

அங்க தேதிக்குப் பதிலா சோல்னு ஒரு நம்பர் இருக்கும். சோல்ங்கிறது செவ்வாயோட ஒரு நாள், 24 மணி 39 நிமிஷம் 35 செகண்ட், எறங்குன நாள் சோல் 0, இப்ப 4,700ஐ தாண்டிருச்சு. சோல் நம்பரும் கேமரா பேரும் வச்சு ஃபில்டர் பண்ணிக்கலாம். ஒரு சோலோட படம் எல்லாம் ஒரே நேரத்துல வராது, ரோவர் எடுத்து வச்சுக்கிட்டு, தலைக்கு மேல ஆர்பிட்டர் போகும்போது அதுக்கு அனுப்பும், அது பூமிக்கு அனுப்பும். மொதல்ல குட்டி குட்டி தம்ப்நெயில் வரும், நாலஞ்சு நாள் கழிச்சு அதே படம் பெரிய சைஸ்ல வரும், சிலது வாரக்கணக்கா ரோவர் மெமரியிலயே கிடக்கும். அதனால "ஏன் மங்கலா இருக்கு, நாசா எதையோ மறைக்குது"ன்னு கமென்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு வாரம் கழிச்சு திரும்ப அதே சோலை தொறந்து பாருங்க.

ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு வேலை இருக்கு, அது தெரிஞ்சா ஒரு சோல்ல என்ன நடந்துச்சுன்னு நாமளே சொல்லிடலாம். ஹாஸ்கேம்னா வண்டியோட முன்னாடியும் பின்னாடியும் அடியில இருக்குற மீன்கண் கேமரா, கருப்பு வெள்ளை, அதுல சக்கரம் தெரியும், கீழ என்ன கல்லு மேல நிக்குதுன்னு தெரியும். நேவ்கேம் கம்பத்து மேல இருந்து சுத்திமுத்தி பாக்கும், அடுத்து எங்க போறதுன்னு முடிவு பண்றதுக்கு அதுதான். மாஸ்ட்கேம்னு கலர் கண்ணு ரெண்டு, இடது பக்கம் 34 மில்லிமீட்டர் லென்ஸ், வலது பக்கம் 100 மில்லிமீட்டர், ரெண்டும் ஒரே அளவு இல்ல, அதனாலதான் ஒரே கல்லு ரெண்டு சைஸ்ல வரும். கெம்கேம் படம் வட்டமா கருப்பு வெள்ளையா இருக்கும், 7 மீட்டர் தள்ளி இருக்குற கல்லு மேல லேசர் அடிச்சு அந்த வெளிச்சத்துல என்ன தனிமம் இருக்குன்னு பாக்குறது. படத்தை பெருசாக்கிப் பாத்தீங்கன்னா ஊசியில குத்துன மாதிரி அஞ்சு பத்து குழி நேர்வரிசையில தெரியும், அடிக்கிறதுக்கு முந்தின படமும் பக்கத்துலயே இருக்கும், ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்தா புழுதி விலகி அடியில இருக்குற பாறையோட நிறம் தெரியுறது கூட கண்ணுல படும். கடைசியா மாலி, ரோபோ கையோட நுனியில இருக்கு, கல்லுக்கு கிட்ட போய் மணல் மணலா பிரிச்சு காட்டும். அதை அளவு சரிபாக்குறதுக்கு வண்டியிலயே 1909ம் வருஷத்து லிங்கன் பென்னி ஒண்ணை ஒட்டி அனுப்பிருக்காங்க, பல வருஷத்துல அந்தக் காசு மேல செவ்வாய் புழுதி படியிறதை படத்துலயே பாக்கலாம்.

செல்ஃபியில கை எங்க போச்சு, யார் எடுத்தாங்கன்னு ஒரு குரூப் எப்பவும் கேக்கும். மாலி அந்தக் கை நுனியிலயே இருக்கு, கையை மாத்தி மாத்தி வச்சு பல டஜன் படம் எடுத்து கை வராத பாகத்தை மட்டும் ஒட்டி சேக்குறாங்க, அவ்ளோதான். ரா பக்கத்துல அந்த துண்டு துண்டு படம் எல்லாமே கிடக்கு, சிலதுல கையே பாதி தெரியும்.

கலர் பத்தி ஒரு வார்த்தை. நாசா வெளியிடற படத்துல சிலது ஒயிட் பேலன்ஸ் பண்ணது, அதாவது பூமி வெளிச்சத்துல இருந்தா கல்லு எப்படி தெரியுமோ அப்படி, பாறை வகையை அடையாளம் காண ஜியாலஜிஸ்டுக்கு அதுதான் வசதி. அதுல வானம் நீலமா வந்துரும், உடனே "இது பூமியில எடுத்தது"ன்னு ஆரம்பிப்பாங்க. செவ்வாய்ல பகல் வானம் பழுப்பு மஞ்சள்தான். ஆனா சூரியன் மறையும்போது நிஜமாவே நீலமா இருக்கும், அங்க காத்துல இருக்குற பொடிப் புழுதியோட சைஸுக்கு நீல ஒளி சூரியனைச் சுத்தி முன்பக்கமா சிதறும், அதான் காரணம். சோல் 956ஐ, அதாவது 2015 ஏப்ரல் 15ஐ தொறந்து மாஸ்ட்கேம்ல பாருங்க. கியூரியாசிட்டி கலர்ல எடுத்த மொதல் சூரிய அஸ்தமனம் அது.

இப்ப கண்டுபிடிப்புக்கு வர்றேன். எறங்குன சில வாரத்துலயே ஹாட்டான்னு பேர் வச்ச ஒரு பாறை, உடைஞ்ச காங்கிரீட் ஸ்லாப் மாதிரி நிமிந்து நிக்கும். கிட்ட போய் எடுத்த படத்துல அதுக்குள்ள உருண்டையான கூழாங்கல்லு. காத்து தூக்கிட்டுப் போகவே முடியாத சைஸ், மூலையெல்லாம் மழுங்கி இருக்கு, அப்படின்னா தண்ணி உருட்டிட்டு வந்துருக்கு, கணுக்கால்ல இருந்து இடுப்பு வரைக்கும் ஆழமா ஓடுன தண்ணி. கெமிஸ்ட்ரி பாக்குறதுக்கு முன்னாடியே படத்தை வச்சே சொல்லிட்டாங்க.

அடுத்து 2013 பிப்ரவரி, யெல்லோநைஃப் பேங்கிற இடத்துல போட்ட ஜான் க்ளைன் துளை. செவ்வாய்ல பாறையைக் குடைஞ்சு உள்ள இருந்து பொடி எடுத்தது அதான் முதல் தடவை. துளை 1.6 சென்டிமீட்டர் அகலம்தான், ஆழம் ஒரு விரல் அளவு. அந்தப் படத்துல பாக்க வேண்டியது துளையை இல்ல, சுத்தி குவிஞ்சு கிடக்குற பொடியை. சாம்பல் நிறம்! மேல இருக்குற சிவப்பு எல்லாம் மில்லிமீட்டர் கணக்குல தோல் மாதிரிதான், உள்ள துருவே பிடிக்காத சேத்துப்பாறை, ஒரு காலத்து ஏரியோட அடிமண்ணு. குடிக்கிற தண்ணி அளவுக்கு உப்பும் புளிப்பும் கம்மியான ஏரி, கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன், பாஸ்பரஸ், சல்ஃபர் எல்லாம் இருக்கு, நுண்ணுயிர் வாழணும்னு நெனச்சா வாழ்ந்துருக்கலாம். கியூரியாசிட்டியை அனுப்புனதே "வாழத் தகுந்த இடமா இருந்துச்சா"ன்னு பாக்கத்தான், உயிரைத் தேட இல்ல, அந்த விதத்துல முதல் வருஷத்துலயே வேலை முடிஞ்சுது.

பக்கத்துலயே கம்பர்லண்ட்னு இன்னொரு துளை போட்டாங்க, அதுல எடுத்த பொடி இன்னைக்கு வரைக்கும் பலன் குடுத்துட்டே இருக்கு. ஒரு கல்லோட வயசை வேற கிரகத்துல வச்சே கணக்கு போட்டது முதல்ல இதுலதான், பாறைல இருக்குற பொருள் சுமார் 421 கோடி வருஷம் பழசு, ஆனா மேல மூடி இருந்த அடுக்கு காத்துல அரிச்சுப் போய் இது வெளிச்சத்துக்கு வந்து 7.8 கோடி வருஷம்தான் ஆகுது. அதே பொடியை வண்டிக்குள்ள இருக்குற சாம்ங்கிற லேப்ல திரும்ப சுட்டுப் பாத்து 2025 மார்ச்ல ஒரு ரிசல்ட் வந்துச்சு, 10, 11, 12 கார்பன் நீளமான சங்கிலி மூலக்கூறு, டெக்கேன், அன்டெக்கேன், டோடெக்கேன். செவ்வாய்ல இதுவரைக்கும் கெடைச்ச கரிமப் பொருள்லயே பெருசு. இது கொழுப்பு அமிலம் உடைஞ்ச மிச்சமா இருக்கலாம்ங்கறாங்க, கொழுப்பு அமிலம்னா உடனே உயிர்னு குதிக்க வேணாம், உயிர் இல்லாமலும் அது உருவாகும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பான்டூர்ஸ். 2021ல, சோல் 3154 பக்கம். மேலோட்டமா பாத்தா தட்டையான ஒரு பாறை, அதுல வலை மாதிரி லேசா மேடு தட்டுன கோடு, ஒவ்வொரு கட்டமும் நாலஞ்சு சென்டிமீட்டர்தான். கோடையில கம்மா வத்துனா அடிமண்ணு வெடிச்சு பாளம் பாளமா கிடக்கும்ல, அதேதான், கல்லா மாறிருக்கு. ஆனா சேறு காஞ்ச வெடிப்புன்னு சொல்லிட்டு நகந்துருந்தா பாதி விஷயம் போயிருக்கும். ஒரே ஒரு தடவை காஞ்ச சேத்துல ஒரு வெடிப்பு இன்னொரு வெடிப்புல போய் நேரா முட்டி நிக்கும், 90 டிகிரி. அதே சேறு நனைஞ்சு காஞ்சு, திரும்ப நனைஞ்சு காஞ்சு, பல தடவை ஆனா அந்த மூலை மெதுவா இளகி மூணு கோடும் 120 டிகிரில சமமா சேரும், அறுகோணம் வரும். பான்டூர்ஸ்ல மூலைக்கு மூலை அந்த 120தான். வெடிப்பு ஓரத்துல சல்ஃபேட் உப்பு இருக்குறதை கெம்கேம் லேசர் காட்டிருச்சு. அப்படின்னா 350 கோடி வருஷத்துக்கும் முன்னாடி அங்க தண்ணி ஒருவாட்டி வந்துட்டுப் போகல, திரும்பத் திரும்ப வந்து வத்தி இருக்கு, ஒரு சீசன் மாதிரி. சின்ன மூலக்கூறு ஒண்ணோட ஒண்ணு சேந்து நீளமான சங்கிலியா மாறுறதுக்கு அந்த மாதிரி நனையுறதும் காயறதும் மாறி மாறி நடக்குறது ஏத்த சூழ்நிலைன்னு கெமிஸ்ட்ரிகாரங்க ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்காங்க. ஒரு கல்லுல இருக்குற கோணத்தை அளந்து இவ்வளவு தூரம் போயிருக்காங்க. கட்டுரை 2023ல வந்துச்சு, படம் ரெண்டு வருஷமா ரா பக்கத்துல சும்மா கிடந்துச்சு.

அதுக்கு மேல ஏறுனா சல்ஃபேட் அடுக்கு, காலம் வறண்டு போனப்போ படிஞ்சது, இங்க பெருசா தண்ணி தடயம் இருக்காதுன்னுதான் நெனச்சுட்டுப் போனாங்க. 2022 கடைசியில அங்க ஒரு மெல்லிசான கெட்டியான அடுக்குல அலை மடிப்பு அப்படியே கல்லா நிக்குது, ஆழமில்லாத ஏரியில அலை அடிச்சு அடிமண்ணுல விட்ட வரிவரியான தடம். இந்த மிஷன்லயே அவ்வளவு தெளிவான அலைத்தடம் அதுவரைக்கும் கெடைக்கல, கெடைச்ச இடம் வறண்ட காலம்னு நெனச்ச இடம்.

அப்புறம் சல்ஃபர் கதை. 2024 மே 30, கெடிஸ் வாலிஸ் வாய்க்கால்ல போயிட்டு இருக்கும்போது 899 கிலோ வண்டியோட சக்கரம் ஒரு கல்லு மேல ஏறி நசுக்கிருச்சு. யாரும் பிளான் பண்ணல. திரும்பிப் பாத்த படத்துல நசுங்கின கல்லுக்குள்ள மஞ்சளா, லேசா பச்சை கலந்த மாதிரி படிகம். சல்ஃபேட் செவ்வாய்ல நெறைய பாத்துருக்காங்க, அது சல்ஃபர் வேற தனிமத்தோட கலந்த உப்பு. இது சுத்தமான சல்ஃபர், வேற எதுவும் கலக்காதது, அங்க யாரும் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. சுத்திமுத்தி பாத்தா அதே மாதிரி வெளிறுன கல்லு மைதானம் முழுக்க கிடக்கு. அந்தக் கல்லு ரொம்ப பொடபொடன்னு இருந்ததால அதைக் குடைய முடியல, பக்கத்துல மம்மத் லேக்ஸ்ங்கிற பாறையைக் குடைஞ்சாங்க. ஏன் அங்க சுத்த சல்ஃபர் குவிஞ்சு கிடக்குங்கறதுக்கு புராஜெக்ட் சயின்டிஸ்ட் அஷ்வின் வசவாடா டீம்கிட்டயே முடிவான பதில் இல்ல. ஃபாலோ பண்ண ஆரம்பிக்கிறவங்க சோல் 4,200ல இருந்து 4,220 வரைக்கும் வரிசையா பாருங்கன்னு சொல்வேன், மொதல்ல ஹாஸ்கேம், அப்புறம் மாஸ்ட்கேம், அப்புறம் மாலி. ஒரு டீம் எதையோ பாத்து ஷாக்காகி, நின்னு, திரும்பி, கிட்ட போய், குடைஞ்சு பாக்குற வரைக்கும் எல்லாம் அதுல இருக்கு. லேக்குன்னு பேர் வந்தா ஏரின்னு நெனச்சுக்காதீங்க, அந்தந்த ஏரியாவுக்கு பூமில இருக்குற ஒரு ஊர்ப் பக்கத்து பேரா எடுத்து வைக்கிறது அவங்க வழக்கம், இது கலிஃபோர்னியாவுல ஒரு மலை ஊரோட பேரு.

2025ல சிடரைட்னு ஒரு இரும்பு கார்பனேட் விஷயமும் பெருசா வந்துச்சு. செவ்வாய்ல முன்னாடி அடர்த்தியா கார்பன் டைஆக்சைடு காத்து இருந்துச்சுன்னா அது எங்க போச்சுங்கறது பழைய கேள்வி, பாறையில கார்பனேட்டா மாட்டிருக்கணும், ஆனா மேல இருந்து ஆர்பிட்டர்ல பாத்தப்போ தேவையான அளவுக்கு தெரியல. கியூரியாசிட்டி குடைஞ்ச சில துளையில இந்த சிடரைட் எடைக்கு 5ல இருந்து 10 சதவீதம் வரைக்கும் இருக்கு.

மீத்தேன் பத்தி கேப்பீங்க, சுருக்கமா சொல்றேன், எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல. கியூரியாசிட்டி அளக்கும்போது எப்பவாவது ஏறுது, 2019 ஜூன்ல நூறு கோடியில 21 பங்கு வரைக்கும் போச்சு, ஆனா மேல சுத்துற ஐரோப்பாவோட ஆர்பிட்டர் தேடுனா ஒண்ணுமே இல்ல. ரெண்டும் எப்படி ஒண்ணா உண்மையா இருக்க முடியும்னு இன்னும் சண்டை ஓடிட்டு இருக்கு.

வண்டியோட உடம்பையும் ஃபாலோ பண்ணுங்க, அது தனி சுவாரஸ்யம். சக்கரம் 50 சென்டிமீட்டர், அலுமினியம், ஆனா தோல் 0.75 மில்லிமீட்டர்தான். 2013 கடைசியிலயே ஓட்டை விழ ஆரம்பிச்சுருச்சு, கூரான கல்லு தரையோட உறுதியா ஒட்டிட்டு நிக்கும்னு டெஸ்ட் பண்ணும்போது எதிர்பாக்கல. அதுக்கப்புறம் ரூட்டை மாத்துனாங்க, பின்பக்கமா ஓட்டுனாங்க, 2017ல ஒவ்வொரு சக்கரமும் கல்லு ஏத்த மாதிரி வேகத்தை மாத்திக்கிற சாஃப்ட்வேர் அனுப்புனாங்க. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருதடவை மாலி கீழ குனிஞ்சு ஆறு சக்கரத்தையும் படம் எடுக்கும், பழைய செட்டையும் புது செட்டையும் பக்கத்துல வச்சு பாத்தா கிழிசல் எப்படி வளந்துருக்குன்னு தெரியும். அதுல ஒழுங்கா வெட்டுன சதுரமான ஓட்டையும் இருக்கும், அது டேமேஜ் இல்ல, வேணும்னே வச்சது, மண்ணுல பதியும்போது மோர்ஸ் கோடுல, அதாவது புள்ளியும் கோடுமா எழுதற தந்தி எழுத்துல, ஜேபிஎல்னு (வண்டியைச் செஞ்ச நாசா லேபோட பேரு) விழும், அந்தத் தடத்தை எண்ணி எவ்வளவு தூரம் நிஜமா நகந்துருக்கோம், எவ்வளவு வழுக்கிருக்கோம்னு வண்டி கணக்கு போட்டுக்கும். 2022ல ஒரு மேட்டுல முதலை முதுகு மாதிரி கூரான கல்லு பரப்பு வந்ததும் படத்தைப் பாத்துட்டு வந்த வழியே திரும்பிட்டாங்க. டிரில்லும் அப்படித்தான், 2016 டிசம்பர்ல அதை முன்னாடி தள்ற மோட்டார் மக்கர் பண்ணிருச்சு, ஒன்றரை வருஷம் குடையவே இல்ல, அப்புறம் கையோட பலத்தை வச்சே தள்ளிக் குடையிற வழியைக் கண்டுபிடிச்சு 2018 மே மாசம் திரும்ப ஆரம்பிச்சாங்க. பொறுமைக்கு அவங்களைத்தான் கும்பிடணும்.

வைரல் படத்தை என்ன பண்றது? 2022 மே மாசம் பாறையில "வாசல்"னு ஒரு படம் சுத்துச்சுல்ல, அது 30 சென்டிமீட்டர் உயரம், முழங்கால் அளவு கூட வராது, பாறை வெடிச்சு துண்டு விழுந்த இடம். அளவு இல்லாம தனியா வெட்டி எடுத்த படம்தான் இந்த வதந்தி எல்லாத்துக்கும் முதல். அதே சோலோட நேவ்கேம் படத்தைத் தொறந்தா முடிஞ்சுது கதை. ஆப்பர்ச்சுனிட்டிக்கும் இதே தலைவலி வந்துச்சு, 2014 ஜனவரியில சோல் 3528ல இல்லாத ஒரு கல்லு சோல் 3540ல அதே இடத்துல உக்காந்துருந்துச்சு, சுத்தி வெள்ளை நடுவுல சிவப்பு, ஜெல்லி டோனட்னு உலகமே பேசுச்சு, அது உயிருள்ளது, நாசா சரியா பாக்கலைன்னு அமெரிக்காவுல ஒருத்தர் கோர்ட்டுக்கே போயிட்டார். வண்டியைக் கொஞ்சம் நகத்தி எடுத்த படத்துல பாத்தா, மேட்டுல அதோட சக்கரமே உடைச்சு உருட்டி விட்ட கல்லு.

சுமார் 26 மாசத்துக்கு ஒருதடவை செவ்வாய் சூரியனுக்கு அந்தப் பக்கம் போயிரும், அப்ப ஒரு ரெண்டு வாரம் கமாண்டு அனுப்ப மாட்டாங்க, புது படமும் ரொம்ப வராது. ரோவர் போச்சுன்னு பதற வேணாம்.

படத்தை டவுன்லோட் பண்ணி ஒட்டி பனோரமா பண்ணலாமான்னா, தாராளமா பண்ணலாம், உலகம் முழுக்க நெறைய பேர் பண்றாங்க, சில சமயம் நாசா வெளியிடறதுக்கு முன்னாடியே போட்டுருவாங்க. சாம்பல் கலர்ல பொடிப்பொடி கட்டமா ஒரு மாஸ்ட்கேம் படம் வந்தா அது கெட்டுப்போன ஃபைல் இல்ல, சென்சார்ல இருந்து வந்த கலர் கட்டத்தை இன்னும் பிரிக்கல, இலவச சாஃப்ட்வேர்லயே பிரிச்சுக்கலாம். ஒட்டுறதுக்கு நேவ்கேம்ல ஆரம்பிங்க, எல்லா படமும் ஒரே வெளிச்சத்துல வரிசையா எடுத்திருக்கும், ஓரம் ஒண்ணு மேல ஒண்ணு நல்லா ஏறி நிக்கும். போடும்போது கிரெடிட் மட்டும் மறக்காதீங்க, நாசா, ஜேபிஎல்-கால்டெக், மாஸ்ட்கேம், மாலி படம்னா அந்தக் கேமராவைச் செஞ்ச மாலின் ஸ்பேஸ் சயின்ஸ் சிஸ்டம்ஸ் பேரும் சேத்து.